நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

ஜூன் 4

மேடம் அவர்களுக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, இனிமேல் எழுத்துதான் என்று சொல்லிவிட்டாய். "எழுதும்போது நீங்க நடுவுல சரி சரின்னு சொல்லி வைக்க முடியாதுல்ல" என்றாய். சரி. (பார், எழுத்திலும் வந்துவிட்டது.) பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியதுதான் நான் கடைசியாக எழுதிய கடிதம். அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது. காலையில் ரொட்டியும் முட்டையும், மத்தியானம் வேலை பார்க்கும் கட்டடத்துக் கேன்டீன், ராத்திரிக்கு ஏதோ ஒன்று. மேல் வீட்டுக்காரம்மா படியில் நிறுத்தி, "வீட்டுல ஆளையே காணோமே?" என்று கேட்டார். டிரெய்னிங் போயிருக்கிறாய் என்றேன். "எத்தனை நாள்?" என்றார். "பல்லு சமாச்சாரம், மெதுவாத்தான் முளைக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

லிஃப்ட் ரிப்பேர் வேலையும் பழையபடிதான். ஒன்பது மாடிக் கட்டடத்தின் கிழட்டு லிஃப்ட் வாரம் ஒரு முறை எங்களைக் கூப்பிட்டுவிடுகிறது. கூட வேலை பார்க்கும் ஒட்டடைக்குச்சி மொட்டைமாடி மெஷின் ரூம் வாசலில் இன்னும் தலையை இடித்துக்கொண்டுதான் நுழைகிறான். அத்தனை உயரத்தை வைத்துக்கொண்டு குனிய மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. கிளினிக்காரர் பல் லேபை மூடிய பிறகு ஒரு மாதம் வீட்டில் இருந்தாய். நான் ஏதாவது சொன்னேனா? வெளியூரில் பெரிய லேபில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று நீ சொன்னபோது, "எதுக்கு அவ்ளோ தூரம், என் சம்பளம் போதாதா, நமக்கு என்ன குறை" என்றுதான் சொன்னேன். கையிலிருந்த தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவிட்டாய். ஆறுதலாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக யாராவது ஊரை விட்டே போவார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

நான்தான்

---

ஜூன் 15

உங்களுக்கு,

இது டிரெய்னிங் இல்லை, வேலை. மேல் வீட்டம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

அறை மூன்றாம் மாடியில், ஒரு பெயின்ட் கடைக்குப் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் பெயின்ட் வாசனை, மூடினால் புழுக்கம். பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நான் வருவேன், நான் கிளம்பும் நேரத்தில் அவள் வருவாள். குளியலறை எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அதன் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

அங்கே நம் ஊர் லேபில் எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் செய்தேன். அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவதிலிருந்து மெழுகில் பல் செட்டு வரிசை கட்டுவது வரைக்கும். இங்கே எனக்குப் பீங்கான் மட்டும்தான். மாவைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் அடுக்கடுக்காக வைத்துப் பல்லாக்க வேண்டும். சூளைக்குள் போனால் அது சுருங்கிவிடும், நிறமும் மாறிவிடும். உள்ளே வைத்தது ஒன்று, வெளியே வருவது ஒன்று. எங்கள் பிரிவுத் தலைவி என்னைவிட வயதில் சின்னவள். ஒவ்வொரு பல்லையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். "பல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா உயிரு இல்லையே" என்று திருப்பி வைத்துவிடுவாள். முதல் இரண்டு வாரமும் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நீங்கள் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுதச் சொன்னவளே நான், மறைத்து எழுதினால் அர்த்தமில்லை.

ஒரு வார்த்தைக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆறுதலாகத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தபோதும் ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். என் அம்மா இறந்தபோதும் அப்படித்தான். ஒரு குறையும் இல்லை என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷன் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்குக் குறை இருக்கிறது என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள்? உங்கள் பக்கத்தில் நான் எப்போதும் பேராசைக்காரி மாதிரியே தெரிந்தேன். எனக்கே அப்படித் தெரிந்தேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலும் அதே வார்த்தைதான். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

கேன்டீனில் தினமும் சாப்பிடாதீர்கள். உங்கள் வயிறு தாங்காது.

நான்

---

ஜூலை 2

மேடம் அவர்களுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலைந்து முறை உட்கார்ந்தேன். ஏனோ ஓடவில்லை.

எனக்குக் கொஞ்ச நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. சேர்ந்துபோன லீவு, எடுத்துக்கொள் என்றார்கள். அதனால் வீட்டு வேலை நிறைய ஆகிறது. ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் விட்டேன். மிக்ஸி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கொஞ்சம் மாறியது போலத் தோன்றியதால் பிரித்தேன். இப்போது ஓடவில்லை. மத்தியானத்தில் தூங்குகிறேன். முன்னால் இந்தப் பழக்கம் கிடையாது. எழுந்தால் காலையா மாலையா என்று சட்டென்று தெரிவதில்லை.

குழாய் சொட்டுகிறது என்று எழுதியிருந்தாயே, உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன்.

நான்தான்

---

ஜூலை 9

உங்களுக்கு,

ஒட்டடைக்குச்சி போன் பண்ணினார்.

"அண்ணி, நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார். இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லுங்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

"அந்த ஒம்பது மாடிக் கட்டடத்துல பிரேக் வேலை முடிச்சுட்டு அண்ணன் மட்டும் லிஃப்டுல இறங்கினாரு அண்ணி. நடுவுல நின்னுபோச்சு. எனக்குப் போன் பண்ணுவாருன்னு மேல காத்துக்கிட்டே இருந்தேன். வரல. நான் பண்ணினேன், எடுக்கல. கீழ இறங்கி வந்து கதவுச் சந்துல வாயை வெச்சு, அண்ணே, உயிரோட இருக்கீங்களான்னு கத்துறேன். ஒரு சத்தமும் இல்ல. மயக்கம் போட்டுட்டாருன்னு நெனச்சுத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டோம். கதவை நெம்பித் திறந்தா, சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. கண்ணு திறந்துதான் இருக்கு. என்னாச்சுண்ணே, அடி பட்டிருக்கான்னு கேட்டா, ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றாரு. சொல்லிட்டு எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு தூக்கித்தான் வெளிய விட்டோம்."

டாக்டர் பார்த்ததையும் சொன்னார். உடம்பில் ஒன்றும் இல்லையாம். மனசுக்கு ஓய்வு வேண்டுமாம். எனக்கு நீங்கள் எழுதியது மிக்ஸி!

இதைக் கேட்டதும் அடுத்த வண்டியில் ஏறிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிலில் வைத்தேன். நர்ஸ் வந்து பார்த்து, "ஊருக்கா அக்கா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் ஓடி வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்து, "எதுக்கு இவ்ளோ தூரம் வந்தே, எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பீர்கள். எனக்கு டீ போட்டுக் கொடுப்பீர்கள். நான் சமைப்பேன். அதோடு எல்லாம் மூடிப்போகும்.

அதனால் வரவில்லை. இது என் கல்நெஞ்சு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தபால் பெட்டியைப் பார்ப்பேன். அந்த லிஃப்டுக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் எழுத வேண்டும். உங்களுக்கு லிஃப்ட் பழக்கம். ஏன் வெளியே வரவில்லை?

சாப்பிடுகிறீர்களா?

நான்

---

ஜூலை 20

அன்புள்ள உனக்கு,

எழுதுகிறேன். சிரிக்காமல் படி.

லிஃப்ட் நின்றபோதே காரணம் எனக்குத் தெரியும். ஐந்தாம் மாடிக் கதவின் பூட்டில் ஒரு சின்ன மின்தொடர்பு இருக்கிறது. தூசி படிந்தால் கதவு மூடியிருந்தாலும் மூடவில்லை என்று மெஷினுக்குச் சொல்லிவிடும், உடனே வண்டி நின்றுவிடும். மேலே இருப்பவனுக்குச் சொன்னால் அவன் சரி செய்துவிடுவான், பெரிய வேலை இல்லை. போனை எடுத்தேன். அவன் பேர் திரையில் இருந்தது. அழுத்தினால் போதும். அவன் "என்னண்ணே?" என்பான், நான் "ஒண்ணும் இல்லடா, கதவுத் தொடர்புதான்" என்பேன். அந்த "ஒண்ணும் இல்ல" வாய்க்குள் வந்து நின்றது, வெளியே போகவில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் இருந்தேன். விளக்கு எரிந்தது, மேலே சின்ன விசிறி ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சுகமாக இருந்தது. யாருக்கும் எதையும் சரிசெய்து கொடுக்க வேண்டாம். யாரும் எப்படி இருக்கே என்று கேட்க மாட்டார்கள், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவும் வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் வெளியே ஆட்கள் கூடினார்கள். ஒரு பெண், "உள்ள ஆளு இருக்காங்களா?" என்று கேட்டாள். இன்னொருவர், "மெக்கானிக்குதான் உள்ள இருக்காராம்" என்றார். "அப்ப பயமில்ல, அவருக்குத் தெரியும்" என்று அவள் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. குரல் வரவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. உனக்குத்தான் அது ஞாபகம் இருக்கிறது என்று நினைக்காதே. டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இனிமேல் குழந்தைக்கு வழியில்லை, வீணாக அலைய வேண்டாம் என்று சொன்னார். ரொம்பப் பக்குவமாகத்தான் சொன்னார். நீ எனக்கு முன்னால் நடந்து வாசலுக்குப் போய்விட்டாய். நடையில் வரிசையாக நாற்காலிகள், அத்தனையிலும் ஆட்கள். வாயைத் திறந்தால் அங்கேயே ஊளையிட்டுவிடுவேன் என்று இருந்தது. வாசலில் நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். ஏதாவது சொல்லியாக வேண்டும். "விடு, நமக்கு என்ன குறை, எனக்கு நீ குழந்தை, உனக்கு நான் குழந்தை" என்றேன். நீ தலையாட்டினாய். திரும்பி வரும் வழியில் உனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன்.

லிஃப்டில் பிரேக் எப்படி வேலை செய்யும் என்று உனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஓடும்போது கரண்ட் அதை விலக்கிப் பிடித்திருக்கும். கரண்ட் போனால் தானாகவே கவ்விக்கொள்ளும். அதனால்தான் லிஃப்ட் விழுவதில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எனக்குக் கரண்ட் போனது, பிரேக் கவ்வியது. கவ்வியது கவ்வியபடியே இருந்துவிட்டது. விழாமல் இருந்தேன். ஆனால் நகரவும் இல்லை. இதைத் திருப்தி என்று நானும் நம்பினேன், பார்த்தவர்களும் நம்பினார்கள். "உங்க வீட்டுக்காரரு தங்கமான மனுஷன், ஒண்ணுக்கும் அலட்டிக்க மாட்டாரு" என்று உன் சித்தி சொன்னதற்கு நீ ஏன் எழுந்து போனாய் என்று இப்போது புரிகிறது.

பெண் குழந்தை பிறந்தால் வைக்க ஒரு பெயர் வைத்திருந்தேன். உன்னிடம்கூடச் சொன்னதில்லை. எழுத முடியவில்லை. நேரில் சொல்கிறேன்.

சாப்பிடுகிறேன்.

நான்தான்

---

ஆகஸ்ட் 3

என்னங்க,

மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நர்ஸ் என்னைத் தாண்டிப் போக முடியாமல் இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தாள். நான் கவனிக்கவே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான். இத்தனை வருஷமும் அந்த வீட்டில் அழுதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எனக்குள் மட்டும்தான் ஏதோ நிறையாமல் கிடக்கிறது, இவருக்கு அப்படி இல்லை, இவர் நல்ல பிறவி என்று நினைத்திருந்தேன். நீங்கள் அன்றைக்கே ஊளையிட்டிருக்கலாம். நாற்காலியில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதானே? அவர்களும் அதே குறைக்காகத்தானே அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஊரை விட்டு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. பெட்டியில் துணியோடு அதுவும் வந்துவிட்டது. புதுக் கட்டில், புது மேஜை, ஆனால் விடிந்ததும் நெஞ்சில் அதே கனம். இரண்டு மாதம் உங்கள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் பக்கத்தில் இல்லாமலும் அது போகவில்லை என்றதும் யார்மேல் போடுவது என்று தெரியவில்லை.

போன வாரம் ஒரு வேலை வந்தது. ஒரு பெண்ணுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. பக்கத்துப் பல்லின் போட்டோவை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பல்லில் ஓர் ஓரத்தில் மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளி, கீழ் விளிம்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. எல்லோரும் பளிச்சென்று செய்து கொடுத்துவிடுவார்கள். நான் அந்தப் புள்ளியையும் தேய்மானத்தையும் அப்படியே வைத்தேன். சூளையிலிருந்து எடுத்தபோது எனக்கே அது யாரோ ஒருத்தியின் வாயிலிருந்து வந்தது போலிருந்தது. தலைவி ஜன்னலருகே ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள். திருப்பி வைக்காமல் அனுப்பும் பெட்டியில் போட்டாள்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். என் பஸ் வந்தது, போனது. ஏறத் தோன்றவில்லை. எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. இருந்த இடமே போதுமாக இருந்தது. நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைக்கு ஒருவேளை இதுதான் பொருளோ என்று நினைத்தேன். மறுநாளே இரண்டு பல் திரும்பி வந்தது, நான் மாவுக் கிண்ணத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது வேறு விஷயம்.

மாதக் கடைசியில் நர்ஸ் ஒரு வாரம் ஊருக்குப் போகிறாள். அவள் கட்டிலை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வாருங்கள். அந்தப் பெயரை என்னிடம் சொல்லுங்கள்.

நான்

---

செப்டம்பர் 6

அன்புள்ள உனக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன்.

உன் அறையில் நான் சும்மா இருக்கவில்லை என்று இன்னும் கோபமா? குளியலறைக் குழாய், கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, நர்ஸின் நாற்காலி, வீட்டுச் சொந்தக்காரரின் அழைப்பு மணி எல்லாவற்றையும் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் பெயின்ட் கடைக்காரரின் ஷட்டர் சிக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஸ்பேனரோடு கிளம்பியபோதுதான் நீ கத்தினாய். "ஒரு நிமிஷம் சும்மா உக்காருங்களேன்! உங்களைப் பாக்கத்தான் கூப்பிட்டேன், ரிப்பேர் பாக்க இல்ல!" உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்தப் பெயரைச் சொன்னேன்.

நீ அதைத் திருப்பிச் சொன்னாய். யாரையோ அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது போலச் சொன்னாய். நம் இரண்டு பேரையும் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் சொன்னது நன்றாக இருந்தது. பாவம், நர்ஸ் ஒரு நாள் முன்னதாகவே வந்து தன் அறைக் கதவைத் திறந்து, அவள் கட்டிலில் நாம் இரண்டு பேரும் அழுவதைப் பார்த்துவிட்டுப் பையோடு அப்படியே திரும்பிப் போனாளே, எங்கே தங்கினாளோ.

திரும்ப வேலைக்குப் போகிறேன். மேனேஜர் என்னைத் தனியாக லிஃப்டில் ஏற விடுவதில்லை. ஒட்டடைக்குச்சியும் கூடவே ஏறி, ஒவ்வொரு மாடியிலும் என் முகத்தைப் பார்க்கிறான். மிக்ஸி ஓடுகிறது.

உன் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்றாய். நீடிக்கவும் கேட்கிறார்கள் என்றாய். (இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன்.) உன் இஷ்டம். எது செய்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நான்தான்

---

செப்டம்பர் 14

என்னங்க,

உன் இஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். என் இஷ்டப்படியே மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடித்த வரியைத் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் பெரிய வேலை இல்லை. "நீ திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப" என்பது வரைக்கும் தெரிகிறது. ரொம்ப என்ன? அதற்குமேல் எழுதவில்லையா, எழுதிக் கிறுக்கிவிட்டீர்களா? லிஃப்டுக்குள் நடந்ததை எழுத முடிந்த மனுஷனுக்கு அந்த ஒரு வரியை முழுசாக எழுத முடியவில்லையா?

அதை நீங்கள் அடிக்காமல் அனுப்பியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு இந்த வேலை வேண்டும். ஆனால் அழுதுகொண்டு போட்டிருப்பேன், உங்களிடம் சண்டை பிடித்துவிட்டுப் போட்டிருப்பேன். இப்போது ஏதோ ஒரு ரசீதில் போடுவது போலப் போட்டேன். தலைவி கை குலுக்கினாள். அறைக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

நான்

---

செப்டம்பர் 25

மேடம் அவர்களுக்கு,

எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வருஷமா? யாரைக் கேட்டுப் போட்டாய்? கேட்டிருந்தால் உன் இஷ்டம் என்றுதான் சொல்லியிருப்பேன், அது எனக்கே தெரியும். ஆனாலும் நீ கேட்டிருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர் தட்டு, உடையக்கூட இல்லை, சத்தம் மட்டும் ஊரைக் கூட்டியது. மேல் வீட்டம்மா இறங்கி வந்து, "என்னாச்சு?" என்றார். "கோவம்" என்றேன். "உங்களுக்கா?" என்று கேட்டார். நம்பவே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்து வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடினார்.

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. நீ படுக்கும் பக்கம் துவைத்த துணியைக் குவித்து வைத்திருக்கிறேன், அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உன் அறை பிடிக்கவில்லை. நீட்டிப் படுத்தால் என் கால் கதவில் இடிக்கிறது. அந்த ஊர்த் தண்ணீர் உப்பு. நீ என்னிடம் பேசும்போது என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கிறாய், கடைவாய்ப் பல்லைக் கணக்கெடுப்பது போல, அதுவும் பிடிக்கவில்லை. நீ அங்கே சந்தோஷமாக இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் இல்லாமல் சந்தோஷமாக இருப்பது பிடிக்கவில்லை. இது சின்னப் புத்திதான். இருக்கட்டும், எனக்கும் கொஞ்சம் சின்னப் புத்தி இருக்கட்டும்.

அந்த வரியைக் கேட்டாயே. நீ திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அவ்வளவுதான் அது. எழுதியதும் பயமாக இருந்தது. ஆசைப்பட்டுக் கேட்டு ஒன்று கிடைக்காமல் போனால் மறுபடி அந்த வாசலில் போய் நிற்க வேண்டுமே என்று அடித்துவிட்டேன்.

கையெழுத்தை மாற்றாதே. அதற்காக எழுதவில்லை.

தட்டை எறிந்த மறுநாள் மேனேஜரிடம் போய் உன் ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டேன். "அங்க இடம் காலி இல்ல" என்றார். "கேட்டுப் பாருங்க" என்றேன். "கேக்கலாம், மெதுவா" என்றார். "இப்பவே கேளுங்க சார், நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களா பேசுறது?" என்றார். பிறகு போனை எடுத்தார். அங்கே பழைய லிஃப்டுகளுக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்களாம். பழசு என்றால் எனக்குச் சரி என்றேன். நவம்பர் முதல் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு வேண்டியிருக்கிறது, வருகிறேன்.

கோபம் இன்னும் தீரவில்லை.

நான்தான்

---

அக்டோபர் 5

என்னங்க,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் லேபில் வைத்துப் படித்தேன். மேல் வீட்டம்மா எட்டிப் பார்த்த இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவி, "என்னக்கா, நல்ல சேதியா?" என்று கேட்டாள்.

"ஆமா. எங்க வீட்டுக்காரரு என்னைத் திட்டி எழுதியிருக்காரு" என்றேன்.

"அதுக்கா சிரிக்கிறீங்க?"

"முதல் தடவை திட்டுறாரு" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் ஒன்றும் புரியாமல் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இரண்டு அறை உள்ள வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் கால் கதவில் இடிக்காது. சமையலறை சின்னது. இரண்டாவது அறை ஜன்னல் பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்து இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காவிட்டால் சொல்லிவிடுங்கள், வேறு பார்ப்போம். பிடித்தால் அதையும் சொல்லுங்கள். தண்ணீர் இங்கே எல்லா இடத்திலும் உப்புதான், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் வரும் நாள் எனக்கு வேலை இருக்கிறது. ஸ்டேஷனுக்கு வர முடியாது. என் அறைச் சாவி நர்ஸிடம் இருக்கும். அவள் தூங்கிக்கொண்டிருந்தால் பலமாகத் தட்டுங்கள். கோபம் ஆறுவதற்குள் வந்துவிடுங்கள், எனக்கும் உங்கள்மேல் நிறைய பாக்கி இருக்கிறது.

நான்